936-இல் ஒரு சிவப்புக் கோடு: திருச்சி வானொலியின் கதை

தாத்தாவின் பழைய ட்ரான்சிஸ்டரில், டயலில் 800-க்கும் 1000-க்கும் நடுவே, 1000-ஐ ஒட்டினாற்போல, சிவப்பு நெயில் பாலிஷில் சின்னதாக ஒரு கோடு போட்டிருக்கிறது. அது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, திருச்சி வானொலியின் வரலாறு என்ன, சென்னையில் ஒரு நிலையம் இருக்கும்போது திருச்சியில் எதற்காக இன்னொன்று வைத்தார்கள், டெல்டாக்காரர்கள் அதை ஏன் ‘நம்ம ரேடியோ’ என்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான்கு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கோடு. என் அப்பா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் எனக்கு அந்த பெஞ்சுதான் வீடு. எந்த செட் வந்தாலும், பழுது பார்த்து முடித்ததும், நிலையம் சரியாக விழுவதற்காக உள்ளே இருக்கும் ஐ.எஃப்.டி. சுருளைத் திருப்பி, ட்ரிம்மர் என்ற சின்னத் திருகைச் சரிசெய்து, கடைசியாகத் திருச்சியைப் பிடிப்பார். குரல் எங்கே திடமாக வந்து நிற்கிறதோ அங்கே முள் இருக்கும் இடத்தில் ஒரு கோடு போடுவார். பென்சில் கோடு நான்கு நாளில் அழிந்துவிடும் என்பதால் நெயில் பாலிஷ். கண் மங்கிய பெரியவர்களும், எழுத்துத் தெரியாதவர்களும் அந்தக் கோட்டுக்கு முள்ளைக் கொண்டுவந்தால் போதும். அந்த இடம் 936 கிலோஹெர்ட்ஸ், திருச்சிராப்பள்ளி. உங்கள் தாத்தாவின் செட்டும் இப்படி ஏதோ ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுந்ததாகத்தான் இருக்கும்.

இனி வரலாறு. சென்னை மாகாணத்தில் ஒலிபரப்பு அரசாங்கத்தால் தொடங்கப்படவில்லை. 1924 மே 16 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவானது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பத் தொடங்கினார்கள். ஆர்வலர்கள் கைக்காசு போட்டு நடத்திய காரியம். 1927-இல் பணமில்லாமல் நின்றுபோனது. அவர்களிடமிருந்த ஒலிபரப்பியைச் சென்னை மாநகராட்சி வாங்கிக்கொண்டு, 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பியது. ஒரு மாநகராட்சி ரேடியோ நடத்தியதை இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. 1936 ஜூன் 8 அன்று இந்திய அரசு ஒலிபரப்புக்கு ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்று பெயர் வந்தது. 1938 ஜூன் 16 அன்று சென்னை நிலையம், பதினோரு மாதம் கழித்து 1939 மே 16 அன்று திருச்சி நிலையம். ரேடியோ கிளப் உருவான அதே தேதி, சரியாகப் பதினைந்து வருடம் கழித்து.

சென்னையில் வைத்த கையோடு ஏன் திருச்சி? இதற்கு விடை ஒலிபரப்பிகளின் சக்தியில் இருக்கிறது. சென்னைக்குக் கொடுத்தது மத்திய அலையில் (மீடியம் வேவ்) 250 வாட், சிற்றலையில் (ஷார்ட் வேவ்) 10 கிலோவாட். திருச்சிக்குக் கொடுத்தது மத்திய அலையில் 5 கிலோவாட். அதாவது மத்திய அலையில் மட்டும் பார்த்தால், தலைநகரத்து நிலையத்தைவிடத் திருச்சி இருபது மடங்கு பலமானது! சென்னையின் மத்திய அலை சென்னை நகரத்துக்குத்தான் போதும். தொலைதூரத்துக்குச் சிற்றலை, ஆனால் சிற்றலையைத் தெளிவாகப் பிடிக்க நல்ல செட் வேண்டும், உயரமான ஏரியல் வேண்டும், அப்படியும் அலை ஏறி இறங்கி ஆடும். சாதாரண செட் வைத்திருக்கும் தமிழ்நாட்டு உள்மாவட்டத்துக்காரருக்குப் பகலில் அலுங்காமல் ஒரு தமிழ் நிலையம் கேட்க வேண்டுமென்றால், தமிழ்நாட்டின் நடுவில் மத்திய அலை வேண்டும். அந்த நடுதான் திருச்சி. தஞ்சாவூர் 55 கிலோமீட்டர், புதுக்கோட்டையும் ஏறக்குறைய அதே தூரம், கரூர் 80, கும்பகோணம் 95. மதுரையும் நாகப்பட்டினமும்கூட 150-க்குள் அடங்கிவிடும்.

இங்கே மத்திய அலை எப்படிப் பயணிக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்த நிலையத்தின் குணமே அதில்தான் இருக்கிறது. பகலில் மத்திய அலை வானத்துக்குப் போனால் திரும்பி வராது. மேலே இருக்கும் அயனி மண்டலத்தின் அடியடுக்கு அதை உறிஞ்சிவிடும். தரையை ஒட்டி ஊர்ந்து வருகிற அலைதான் நம் செட்டுக்கு வரும். அந்தத் தரை மின்சாரத்தைக் கடத்தும் தரையாக இருந்தால் அலை நெடுந்தூரம் போகும். பாறையாக இருந்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஈரக் களிமண் நல்ல கடத்தி. தண்ணீர் கட்டிய நடவு வயல் இன்னும் நல்லது. திருச்சிக்குக் கிழக்கே கடல் வரைக்கும் விரிந்திருப்பது என்ன? காவிரியும் கொள்ளிடமும் கொண்டுவந்து கொட்டிய வண்டல். மேற்கிலும் வடக்கிலும் கொல்லிமலை, பச்சைமலை என்று பாறை பூமி. ஆக, திருச்சியிலிருந்து கிளம்பிய அலைக்கு ராஜபாட்டை கிழக்கே, டெல்டாவுக்குள் போட்டிருந்தது. ஒரு நிலையம் யாருடையது என்பதில் மண்ணுக்கும் பங்கு உண்டு என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இன்னொன்று. ஏ.எம். நிலையத்தின், அதாவது மத்திய அலை நிலையத்தின் கம்பத்தைப் பார்க்கிறவர்கள், ஆன்டெனா கம்பத்தின் உச்சியில் இருப்பதாக நினைப்பார்கள். அப்படியில்லை. அந்த மாதிரிக் கம்பங்களில் கம்பமே ஆன்டெனா. அடியில் பெரிய பீங்கான் இன்சுலேட்டர் மேல் நிற்கும். அதைச் சுற்றி மண்ணுக்குள் செம்புக் கம்பிகளை எல்லாத் திசையிலும் ஆரக்கால் போலப் புதைத்திருப்பார்கள். பாதி ஆன்டெனா வானத்தில், பாதி பூமியில். 936 கிலோஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் சுமார் 320 மீட்டர். கம்பத்துக்கு வேண்டிய கால் அலை என்பது 80 மீட்டர். மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். திருச்சியின் அலையை மனக்கண்ணில் பார்க்க வேண்டுமென்றால், மலைக்கோட்டையை நான்கு தடவை படுக்க வைத்துப் பாருங்கள்.

1947-இல் நாடு பிரிந்தபோது இந்தியாவின் பங்குக்கு வந்தவை ஆறே நிலையங்கள்: டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சிராப்பள்ளி. இந்தப் பட்டியலில் மாகாணத் தலைநகரமாக இல்லாத ஒரே ஊர் திருச்சி. அப்போது நாடு முழுவதும் இருந்த ரேடியோ செட்களே சுமார் இரண்டே முக்கால் லட்சம்தான். திருநெல்வேலி நிலையம் 1963-இல் வந்தது, கோயம்புத்தூர் 1966-இல், புதுச்சேரி 1967-இல். அதுவரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு, சென்னைக்குத் தெற்கே தமிழில் பேசிய ஒரே அகில இந்திய வானொலி நிலையம் இதுதான்.

அந்தக் காலத்தில் ரேடியோ கேட்க லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீஸில் பாஸ்புக் மாதிரி ஒரு சிறு புத்தகம் தருவார்கள். வருடத்துக்கு 15 ரூபாய் கட்டினால் அதில் ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை குத்துவார்கள். அப்பாவின் கடைக்கு செட்டைக் கொண்டுவருகிறவர்கள் சிலர் அந்தப் புத்தகத்தையும் துணிப்பையில் போட்டு எடுத்துவருவார்கள், வழியில் யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே என்று. 1985-இல் அந்த லைசென்ஸ் முறையே எடுக்கப்பட்டது. செட் வாங்க முடியாதவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. பஞ்சாயத்து போர்டு ஆபீஸ் ஓரத்திலோ பூங்காவிலோ ஒரு சின்ன அறை, கூரைமேல் குழாய் ஒலிபெருக்கி, சாயங்காலம் பூட்டைத் திறந்து போடுவதற்கு ஒரு ஆள். ஊரே அங்கே உட்கார்ந்து கேட்கும். இன்றும் சில கிராமங்களில் அந்த அறை இடியாமல் நிற்கிறது. உங்கள் ஊரில் இருந்தால் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.

இசையைப் பற்றிச் சொல்லாமல் திருச்சி வானொலியைப் பற்றிப் பேச முடியாது. காலையில் நிலையம் திறக்கும்போது வரும் முகப்பு இசை, செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து அகதியாக வந்து பம்பாய் நிலையத்தில் பணியாற்றிய வால்டர் காஃப்மன் அமைத்தது. அது முடிந்து வந்தே மாதரம், பிறகு மங்கள இசை. நாகஸ்வரம் பிறந்து வளர்ந்த மண்ணுக்கே நாகஸ்வரத்தைத் திருப்பி அனுப்பிய நிலையம் அது. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கும் புஷ்ய பகுள பஞ்சமி அன்று, காவிரிக்கரைப் பந்தலில் பாடுகிற பஞ்சரத்ன கீர்த்தனைகளைத் திருச்சி நேரடியாக ஒலிபரப்பும். ஆண்டு முழுக்க ரேடியோவைத் தொடாத வீட்டிலும் அன்றைக்கு நாட்டை ராகம் ஒலிக்கும். ஐந்தாவது கீர்த்தனை ஸ்ரீராகத்தில் முடியும்வரை அப்பா கடையில் சால்டரிங் அயர்னைத் தொடமாட்டார்.

நிலையம் மாதச் சம்பளத்துக்குக் கலைஞர்களை வைத்துக்கொண்டது. ‘நிலைய வித்வான்’ என்று பெயர். கோயில் மானியமும் மிராசுதார் ஆதரவும் குறைந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு மிருதங்கக்காரருக்கோ வயலின்காரருக்கோ இது எவ்வளவு பெரிய பிடிமானமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1952 முதல் குரல் தேர்வு நடத்தி பி, பி-ஹை, ஏ என்று தரம் பிரித்தார்கள். அந்தத் தரம் நிலையத்துக்குள் மட்டும் நிற்கவில்லை. டெல்டா கல்யாணப் பத்திரிகைகளில் ‘ரேடியோ புகழ்’ என்ற அடைமொழி இல்லாமல் நாகஸ்வரக்காரர் பெயர் அச்சாகாது. பத்திரிகையில் அந்த இரண்டு வார்த்தை ஏறிவிட்டால் சம்பாவனையும் ஏறும்.

குறையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1940 மார்ச் முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை. நம் நுட்பமான கமகங்கள் அந்தப் பெட்டியில் வராது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஸ்பெஷல் நாடகக்காரர்களும் பஜனை கோஷ்டிகளும் ஆர்மோனியத்தை நம்பிப் பாடிய மதுரை–திருச்சி வட்டாரத்தில் அந்தத் தடையின் பொருள் வேறு. பாட்டோடு சேர்ந்து ஒரு பெரிய கலைஞர் கூட்டமே மைக்குக்கு வெளியே நின்றது. முப்பது வருடத் தடை தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது தவறு சினிமாப் பாட்டு. 1952-இல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் அது அகில இந்திய வானொலியிலிருந்தே மறையும் நிலை வந்தது. நேயர்கள் என்ன செய்வார்கள்? முள்ளை இலங்கைக்குத் திருப்பினார்கள். கொழும்பிலிருந்து வந்த தமிழ் அறிவிப்பாளர்களின் குரலுக்கு இங்கே வீட்டுக்கு வீடு ரசிகர்கள் இருந்தார்கள். அதைச் சமாளிக்கத்தான் 1957 அக்டோபர் 3 அன்று சினிமாப் பாட்டுக்கு இடம்கொடுத்த விவித்பாரதி ஒலிபரப்பு தொடங்கப்பட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் பழக்கம் அவ்வளவு எளிதில் மாறவில்லை. பகலில் திருச்சி, பொழுது சாய்ந்தால் இலங்கை.

இதில் பெஞ்சில் உட்கார்ந்து நான் கற்ற ஒரு விஷயம் உண்டு. ட்ரான்சிஸ்டருக்குள் ஆன்டெனாவாக ஒரு கறுப்பு ஃபெரைட் ராடு, செட்டின் நீளவாக்கில் படுத்திருக்கும். அதன் பக்கவாட்டில் இருக்கும் நிலையம் பலமாகக் கேட்கும். அதன் முனை நீட்டும் திசையில் இருக்கும் நிலையம் அமுங்கிவிடும். கும்பகோணத்திலிருந்து திருச்சி மேற்கே, கொழும்பு தெற்கே. செட்டின் முகம் மேற்கே பார்க்கும்படி வைத்தால் ராடு தெற்கு வடக்காகப் படுக்கும்: திருச்சி கணீரென்று வரும், கொழும்பு அடங்கும். கால் வட்டம் திருப்பினால் கொழும்பு வரும், திருச்சி பின்வாங்கும். இந்த விதி தெரியாமலே எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது கைப்பழக்கமாக இருந்தது. இரவு ஏழு மணிக்குமேல் ஒரு வீட்டு மாடத்தில் செட் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதைக் கொண்டே, உள்ளே கேட்பது பெரியவரா பையன்களா என்று சொல்லிவிடலாம்.

நாடகத்துக்கும் இலக்கியத்துக்கும் திருச்சி நல்ல தளமாக இருந்தது. ஸ்ரீரங்கத்துக் கவிஞர் வாலி சினிமாவுக்குப் போகும் முன் திருச்சி வானொலிக்கு எழுதிக்கொண்டிருந்தவர். எழுதிப் பழகுகிறவருக்கு வானொலி ஒரு கண்டிப்பான வாத்தியார். கேட்பவர் ஒரு தடவைதான் கேட்பார், பின்னால் புரட்டிப் பார்க்க முடியாது; அதனால் வாக்கியம் காதில் விழுந்ததும் புரிய வேண்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த நிலையத்தின் ஆகப் பெரிய காரியம். ‘நம்ம ரேடியோ’ என்ற பேச்சு வந்ததும் இங்கிருந்துதான்.

1960-களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டம், தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பது திட்டம். ஊரில் அதைப் ‘பேக்கேஜ்’ திட்டம் என்றே சொல்வார்கள். 1966-இல் அகில இந்திய வானொலி, இந்த மாதிரி மாவட்டங்களுக்கென்று பண்ணை இல்லப் பிரிவுகளைச் சில நிலையங்களில் தொடங்கியது. முதலில் கிடைத்தவற்றில் திருச்சியும் ஒன்று. வேளாண்மை படித்தவர்களையே நிகழ்ச்சி தயாரிக்க வைத்தார்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அந்தச் சமயத்தில்தான் ஏ.டி.டி. 27 என்ற குறுவை ரகம் வெளிவந்திருந்தது. ஜப்பானிய நோரின் 10-ஐயும் நம் கோயம்புத்தூர் ஜி.இ.பி. 24-ஐயும் கலந்து உண்டாக்கியது, சுமார் 105 நாளில் அறுவடைக்கு வருவது. அதைத் திருச்சி வானொலி விடாமல் பேசியது: விதை நேர்த்தி, நாற்றங்கால், எத்தனை நாள் நாற்று, எவ்வளவு இடைவெளி, மேலுரம் எப்போது, பூச்சி வந்தால் என்ன அடிப்பது. அந்த வாரம் வயலில் என்ன வேலையோ அதுதான் அந்த வார நிகழ்ச்சி. நெல் டெல்டா முழுக்கப் பரவியது. அதற்கு ஆராய்ச்சி நிலையம் வைத்த பெயர் ஏ.டி.டி. 27, குடியானவர்கள் வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’.

ஒரு நெல்லுக்கு ரேடியோவின் பெயர் வந்தது என்றால் அந்த ஒலிபரப்பின் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்! நம்பிக்கை சும்மா வரவில்லை. கிராமசேவக் என்ற அரசு ஊழியர் வந்து சொன்னால் ஒருவரிடம் சொல்வார், அடுத்தவரிடம் சொல்ல மறப்பார். ரேடியோ பத்து வேலி மிராசுதாருக்கும் இரண்டு மா குத்தகைக்காரருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொன்னது. தகவலை முதலில் தெரிந்துகொள்வதில் பெரிய வீட்டுக்கு இருந்த முந்துரிமை அங்கே அடிபட்டுப்போனது. இதை யாரும் புரட்சி என்று எழுதுவதில்லை, ஆனால் எங்கள் பக்கத்தில் அது பெரிய மாற்றம். உரத்தையும் மருந்தையும் அளவுக்கு மீறிக் கொட்டிய பழக்கமும் அந்தக் காலத்தில்தான் ஆரம்பித்தது என்பதையும் மறைக்கக் கூடாது. மண்ணுக்கு வந்த கேட்டில் ஒரு பங்கு அந்த ஒலிபரப்புகளுக்கும் உண்டு. அன்றைய அறிவு அப்படி.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. மே மாதக் கடைசியிலேயே அப்பாவின் கடையில் கூட்டம் தொடங்கிவிடும். ஒரு வருடமாக உரலடியில் கிடந்த செட்டெல்லாம் தூசியோடு வரும். பேட்டரி கசிந்து ஸ்பிரிங் பச்சை பூத்திருக்கும். வால்யூம் கண்ட்ரோல் கரகரக்கும். ஒரு பெரியவர், எங்கள் ஊருக்குத் தெற்கே இருந்து சைக்கிளில் வருவார். “மத்ததெல்லாம் வரலேன்னாலும் பரவால்ல தம்பி, திருச்சி மட்டும் சுத்தமா எடுக்கணும், அணைத் தண்ணி எத்தனை அடின்னு தெரிஞ்சா போதும்” என்பார். அப்பா செட்டைத் தயார்செய்து கோடு போட்டுக் கொடுக்கும்வரை அவர் பெஞ்சை விட்டு எழமாட்டார். செய்தியில் நீர்மட்டத்தைக் கேட்டுத்தான் நாற்றங்காலுக்கு விதை ஊறவைப்பார்கள். எண்ணிக்கை 100 அடியைத் தாண்டினால் தெருவில் முகங்கள் மாறும்.

புயல் காலத்திலும் இதே கதைதான். 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயலைப் பார்த்தவர்களுக்கு, காற்று ஊளையிடும்போது பேட்டரி ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டிருந்தது நினைவிருக்கும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. தென்னை சாய்ந்து கிடந்த ஊர்களில் பழைய ட்ரான்சிஸ்டரைத் தேடி எடுத்தவர்களை எனக்குத் தெரியும். தரையோடு வருகிற அலைக்கு நடுவில் டவர் தேவையில்லை.

936 என்ற எண் எப்படி வந்தது? உலகத்தின் பெரும்பகுதி மத்திய அலை நிலையங்கள் 1978 நவம்பர் 23 அன்று ஒரே நாளில் இடம் மாறின. ஜெனீவாவில் 1975-இல் நாடுகள் கூடிப் போட்ட திட்டப்படி, நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்று சீராக்கினார்கள். இரண்டு நிலையங்கள் ஒழுங்கில்லாமல் நெருங்கி நின்றால் இரவில் விசில் சத்தம் கேட்கும். அதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. அதனால் நம் நிலையங்களின் எண் எதை எடுத்தாலும் ஒன்பதால் மீதமின்றி வகுபடும். சென்னை 720, திருநெல்வேலி 1197, கோயம்புத்தூர் 999, புதுச்சேரி 1215, திருச்சி 936. வகுத்துப் பாருங்கள். 5 கிலோவாட்டில் தொடங்கிய திருச்சியின் சக்தியும் பிறகு 100 கிலோவாட் ஆனது.

பெயர் விஷயம் ஒன்று. 1956-இல் அகில இந்திய வானொலிக்கு ‘ஆகாசவாணி’ என்ற பெயர் வந்தபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. இங்கே ‘வானொலி’ என்ற சொல் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. டெல்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தியில் சரோஜ் நாராயண்சுவாமியின் குரலில் ‘ஆகாசவாணி’ என்று கேட்போம். நம் ஊர் நிலையம் பேசத் தொடங்கினால் ‘வானொலி’. 2023-இல் ‘ஆகாசவாணி’ மட்டுமே என்று உத்தரவு வந்தபோது பழைய வாதம் திரும்பவும் எழுந்தது. என் கட்சி எப்போதும் வானொலிதான். இவ்வளவு அழகான சொல்லை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தேட வேண்டியதில்லை.

ஏன் இப்போது கேட்பதில்லை என்றால், காரணம் பல. பண்பலை வந்தது, கொடைக்கானல் மலை உச்சியிலிருந்து வரும் 100.5 தென்மாவட்டங்களையும் திருச்சியையும் இழுத்துக்கொண்டது. பாட்டு கேட்க ஏ.எம்.மைவிட எஃப்.எம். எவ்வளவோ மேல், அதில் விவாதமே இல்லை. அடுத்தது மின்செலவு. ஏ.எம்.மில் அனுப்புகிற சக்தியில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் குரலைச் சுமக்காத வெறும் ஊர்தி அலைக்கே போய்விடும். 100 கிலோவாட் ஒலிபரப்பியை நாள் முழுக்க ஓட்டும் கரண்ட் பில் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதி நாட்டின் பல இடங்களில் மத்திய அலை ஒலிபரப்பிகளை நிறுத்திவிட்டதற்கு இது முக்கியக் காரணம். மூன்றாவது காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை: நம் வீடுகளே அதைக் கொன்றன. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், எல்லாமே மத்திய அலைப் பட்டையில் இரைச்சலைக் கொட்டுகின்றன. நிலையம் எவ்வளவு பலமாக அனுப்பினாலும் அடுக்குமாடி வீட்டுக்குள் கேட்பது கரகரப்புதான்.

கடைசியாக உங்கள் தாத்தாவின் செட். செல் போடும் அறையைத் திறந்து பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். வால்யூம் குமிழை முப்பது நாற்பது தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள், கரகரப்பு குறையும். விடியற்காலையில், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அல்லது செட்டை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், முள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவந்து, செட்டின் முகத்தைத் திருச்சி இருக்கும் திசைக்குத் திருப்பி வைத்துக் கேட்டுப் பாருங்கள். டயலைத் துடைக்கும்போது மட்டும் தின்னரோ அசிட்டோனோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் பிளாஸ்டிக் வெளுத்துவிடும், அந்தக் கோடும் போய்விடும்.